கேட்காமல் எழுதிய எழுத்து

போன மாதம் ஷெரின் தொலைபேசியில் அழைத்தாள். வெள்ளவத்தை கிளினிக்கில் நான் இருந்த மேசையில் இப்போது இருக்கும் தாதி அவள்தான். நோயாளிகளின் கார்டைக் கையால் எழுதும் வேலை முடிந்துவிட்டது, இனி எல்லாம் கணினியில்தான் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

“இப்ப சரியான லேசு மிஸ்ஸி. பேரை அடிச்சாப் போதும், போன மாசம் என்ன எழுதினோமோ அதெல்லாம் தானா வந்திரும். மாத்தம் இருந்தா மட்டும் மாத்தினாச் சரி.”

“பீரியட்ஸ் விசயமும் தானா வருமா?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ்ஸி. ரெகுலரா, இல்லையாண்டு அதுவும் வரும்.”

அவள் தொடர்ந்து, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகப் பழைய ஆட்களின் அனுபவங்களைச் சேர்க்கிறார்கள், நீங்களும் ஒன்று எழுதித் தரவேண்டும் என்றாள். “நல்லதா ஒண்டு எழுதுங்க மிஸ்ஸி, முப்பத்தெட்டு வருச சேர்விஸ் இல்லையா!”

நல்லதாகவும் சில இருக்கின்றன. ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு எழுத வருவது ஒன்றே ஒன்றுதான்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத் தாதிப் பயிற்சிக்குப் போனேன். மூன்று வருடப் பயிற்சியில் இன்று நினைவில் நிற்பது கஞ்சி போட்ட தொப்பியும் கால் வலியும்தான். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன், பெரும்பாலும் பிரசவ வார்டுகளில். பென்ஷன் எடுத்த பிறகு, வெள்ளவத்தையில் டொக்டர் அருளம்பலம் நடத்திய பெண்கள் கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கே பதினாறு வருடம். ரீட்டா என்ற என் பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாதியைக் கூப்பிடும் வழக்கப்படி எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான்.

டொக்டர் அருளம்பலம் யாழ்ப்பாணத்து மனிதர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். ஒரு பெண்பிள்ளை அறைக்குள் வந்தால், அது பதினான்கு வயதுப் பிள்ளையாக இருந்தாலும், எழுந்து நின்று “வாங்கோ பிள்ளை, இருங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் தானும் உட்காருவார். தாயோடு வந்த பிள்ளை என்றால் முதலில் இருவரோடும் கதைப்பார். பிறகு தாயைப் பார்த்து, “அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் வெளியில இருக்கிறீங்களோ? மிஸ்ஸி இஞ்ச என்னோட நிப்பா” என்பார். சில தாய்மாருக்கு முகம் சுருங்கும். அவர் அதைக் கவனிக்காதவர் போல இருப்பார்.

தாய் போனதும் மேசையிலிருக்கும் கலண்டரைப் பிள்ளையின் பக்கம் திருப்பி வைப்பார். “கடைசியா எப்ப வந்தது எண்டு இதில தொட்டுக் காட்டுங்கோ. வாயால சொல்லத் தேவையில்லை.” வெட்கத்தில் நாக்கு எழும்பாத பிள்ளைகள்கூட விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். ஏப்ரலில் இருப்போம், விரல் ஜனவரியில் போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் இரத்த அழுத்தம், நாடி. கடைசியில் நிறை.

இந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மாற்றவில்லை. தராசு அறைக்குள்ளே, திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. இலக்கத்தை வாயால் சொல்லக்கூடாது, எழுதத்தான் வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், ஏன் நிறையைக் கடைசியாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நிறையை முதல் பார்த்தால் நான் அந்த இலக்கத்தோடதான் கதைப்பன் மிஸ்ஸி, பிள்ளையோட கதைக்க மாட்டன்” என்றார். பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். “கொழுப்பு எண்டது சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கிற சாமான் இல்லை. அதுவும் ஓமோன் செய்யும். அது கூடினால் சூலகம் குழம்பும், முட்டை ஒழுங்கா வெளிவராது. நல்லாக் குறைஞ்சால் மூளை பயந்து, இப்ப பிள்ளை பெறுகிற நேரம் இல்லை எண்டு சூலகத்துக்கு அனுப்புற கட்டளையை நிப்பாட்டிப்போடும். ரெண்டு பக்கமும் கடைசியில ஒண்டுதான், மாதவிடாய் வராது. அதால திகதியைத்தான் முதல் கேக்கவேணும். நிறை அதுக்குப் பிறகு வாற சாட்சி.”

நான் தலையாட்டினேன். விளங்கியும் இருந்தது. அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது. தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

சில வருடங்களில் கிளினிக்கில் கூட்டம் கூடியது. நீர்க்கட்டி என்று தாய்மார் சொல்லும் அந்த நோயோடு சனிக்கிழமைகளில் முப்பது, நாற்பது பெண்பிள்ளைகள் வருவார்கள். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து மாதத்துக்கு ஒருமுறை. முகத்தில் பரு, தாடையில் முடி. உடம்பும் பருமனாக இருக்கும். டொக்டர் அறையில் ஸ்கேன் மெஷின் வைக்க இடம் தேவைப்பட்டதால் தராசை வெளியே, என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். “திரை ஒண்டு போடுங்கோ மிஸ்ஸி” என்றார். போட்டேன். ஆட்கள் போய்வர அது இடைஞ்சல் என்று இரண்டு மாதத்தில் நானே எடுத்து மடித்து வைத்தேன். நல்லபடி குணமாகி வருகிற பிள்ளைகள் மாதாமாதம் தன்னைப் பார்க்கத் தேவையில்லை, மிஸ்ஸியிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று டொக்டர் ஒரு ஏற்பாடும் செய்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கிளினிக்கில் உதவிக்கு இருந்தவள் சந்திரா. சிங்களப் பெண். வரிசை வாசற்படி வரை நீளும்போது “இக்மன் கரமு மிஸ்ஸி, இக்மன் கரமு” என்று என்னை அவசரப்படுத்துவாள். அந்த அவசரத்தில் நாங்கள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். பிள்ளை தராசில் ஏறும். நான் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வேன். அவள் கார்டில் எழுதுவாள். அடுத்த பிள்ளை ஏறும். மிச்சக் கட்டங்களை நான் பிறகு ஆறுதலாக நிரப்புவேன். மாதவிடாய்க் கட்டத்தில், ஒழுங்காக வருகிறது என்பதற்கு ‘ஆர்’ என்ற ஓர் இங்கிலிஷ் எழுத்துப் போட்டால் போதும். முதலில் கேட்டுத்தான் போட்டேன். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே போட்டேன். பிறகு முந்தின மாதத்துக் கட்டத்தைப் பார்த்துப் போட்டேன்.

நிருஷா அந்தக் காலத்தில்தான் வந்தாள்.

பதினேழு வயது. பம்பலப்பிட்டியில் ஏ.எல். உயர்தர வகுப்பில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. முதல் நாள் தாய்தான் எல்லாவற்றையும் கதைத்தார். “இவளைப் பார்க்கிற ஆக்கள் எல்லாம் என்னைத்தான் கேக்கினம் டொக்டர், பிள்ளைக்கு என்ன குடுத்து வளர்க்கிறியள் எண்டு.” நிருஷா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். தாய் வெளியே போன பிறகு கலண்டரில் நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு திகதியைத் தொட்டாள். நிறை எண்பத்தொரு கிலோ.

ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு டொக்டர் அவளிடம் நேராகச் சொன்னார். “பயப்பிட ஒண்டும் இல்லை பிள்ளை. அஞ்சாறு கிலோ குறைஞ்சாலே சில பேருக்குத் தானா ஒழுங்குக்கு வரும். எழுபதில நிண்டால் காணும். மூண்டு நேரமும் சாப்பிடவேணும். பின்னேரம் கடற்கரையால நடவுங்கோ. பட்டினி கிடக்கக்கூடாது, சரியோ?”

“ஓம் டொக்டர்” என்றாள்.

சொன்னபடி செய்தாள். அடுத்த மாதம் எழுபத்தெட்டு. மூன்றாம் மாதம் எழுபத்து நாலு. அந்த மாதமே மாதவிடாய் வந்துவிட்டது. டொக்டர் முகம் மலர்ந்து, “இனி மிஸ்ஸியிட்டக் காட்டினால் போதும்” என்றார். நாலாம் மாதம் எழுபத்தொன்று. ஐந்தாம் மாதம் அறுபத்தெட்டு.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மாதக்கணக்கில் சொல்லியும் ஒரு கிலோ குறையாத பிள்ளைகளையும், எங்களைக் குறை சொல்லும் தாய்மாரையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தேன். இவள் வந்தாள் என்றால் எனக்கு அன்றைய வேலை லேசாகிவிடும். தராசில் அவள் நிற்கும்போது இலக்கத்தை வழமையைவிடச் சத்தமாகச் சொல்வேன். “அறுபத்தஞ்சு! பாருங்க எல்லாரும். இந்தப் பிள்ளைக்கு ஏலுமெண்டா உங்களுக்கு ஏன் ஏலாது?” வாங்கில் இருக்கும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை முழங்கையால் இடிப்பார்கள். நான் கைதட்டுவேன், சந்திராவும் தட்டுவாள். நிருஷா சிரிப்பாள். முதல் நாள் நிலத்தைப் பார்த்தபடி இருந்த பிள்ளை சிரிக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆறாம் மாதம் வரைக்கும் கார்டில் உள்ள ‘ஆர்’ அவளிடம் கேட்டு எழுதியது. ஏழாம் மாதத்திலிருந்து நான் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் அறுபத்தொன்று. பிறகு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு. அவளுடைய உயரத்துக்கு அந்த நிறை சரியானது என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை சொல்லியது. நானும் அட்டவணையைத்தான் பார்த்தேன். வெள்ளவத்தை வெயிலில் அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததைக் கண்டேன். டியூஷன் வகுப்பில் ஏசி என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தபோது ஐஸ் போல இருந்தது. நாடி நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. நடந்து நடந்து உடம்பு உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன். முன்கையில் பூனைமுடி போல மெல்லிய மயிர் வளர்ந்திருந்தது. பின்னல் பாதியாய் மெலிந்திருந்தது. ஒவ்வொன்றையும் கண்டேன். இருபத்திரண்டு வருடம் வார்டில் இருந்த ஒருத்திக்கு இது எல்லாம் சேர்ந்து என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் கார்ட் இருந்தது. அதில் ‘ஆர்’ வரிசையாக இருந்தது. அந்த எழுத்தைப் போட்டவளே நான்தான் என்பது மறந்துபோய், அதையே நானும் நம்பினேன்.

பதினோராம் மாதம் அவள் தனியாக வந்தாள். தாய்க்குக் காய்ச்சல் என்றாள். அன்று மழை வேறு. நனைந்த குடைகளும் ஆட்களுமாக உள்ளே நிற்க இடமில்லை. தராசு நாற்பத்தொன்பது என்று காட்டியது. நான் வழக்கம் போலச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிச் செருப்பைப் போடும்படி கையால் காட்டினேன். அவள் இறங்கினாள், ஆனால் போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ்ஸி, இண்டைக்கு டொக்டரைப் பார்க்கலாமா?”

“உங்களுக்கு என்னத்துக்கு மகள் டொக்டர்? உங்கட எல்லாம் நல்லாத்தானே இருக்கு.”

“இல்லை... சும்மா ஒரு விசயம் கேக்கவேணும்.”

“முப்பது பேர் நிக்கிறாங்க பாருங்க. அடுத்த மாசம் அம்மாவோட வாங்க, நானே முதல் நம்பர் போட்டு அனுப்புறன். சரியா?”

“சரி மிஸ்ஸி” என்றாள். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். நான் அவளுடைய கார்டை எடுத்து, மாதவிடாய்க் கட்டத்தில் ‘ஆர்’ என்று போட்டேன். அது கேட்காமல் போட்ட ஐந்தாவது.

பதினொரு நாள் கழித்து, பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விட்டு ரயில் ஸ்டேஷன் படியில் இறங்கும்போது நிருஷா மயங்கி விழுந்தாள். கூடப் போன பிள்ளைகள் முச்சக்கரவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத் துடிப்பு நாற்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இரண்டு நாள் இதயத்தைக் கவனிக்கும் மெஷினில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் தாய் கிளினிக்குக்கு வந்தார். வாங்கில் உட்காராமல் நேரே டொக்டர் அறைக்குப் போனார். டொக்டர் என்னைக் கார்டோடு கூப்பிட்டார்.

“அங்க டொக்டர்மார் கேக்கினம், அஞ்சு மாசமாப் பிள்ளைக்குப் பீரியட்ஸ் வரேல்லை, இது ஒருத்தருக்கும் தெரியாதோ எண்டு. எனக்குத் தெரியாது டொக்டர். மாசாமாசம் இஞ்சதானே வந்தவள்” என்றார் தாய். அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

டொக்டர் கார்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். நிறை இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் அவருடைய விரல் நின்றது. பிறகு பக்கத்துக் கட்டத்துக்குப் போனது.

“மிஸ்ஸி, இது நீங்கள் பிள்ளையிட்டக் கேட்டு எழுதினதோ?”

குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது.

“ஓம் டொக்டர்” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். தாயிடம் திரும்பி, “பிள்ளை எங்களிட்ட மறைச்சிருக்கிறா போல. பட்டினி கிடக்கிற இந்த வருத்தத்தில அப்பிடித்தான் அம்மா. சாப்பாட்டையும் மறைப்பினம், இதையும் மறைப்பினம். அவவை ஏசாதேங்கோ” என்றார்.

தாய் என்னைப் பார்த்தார். சந்தேகப் பார்வை இல்லை. “நீங்கள் எவ்வளவு அன்பாப் பார்த்தனீங்கள் மிஸ்ஸி, உங்களுக்கும் பொய் சொல்லிப்போட்டாளே” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. அவளுடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. கிட்டப் போனபோது தாயின் குரல் கேட்டது.

“எல்லாம் சரியா வருது எண்டு மிஸ்ஸியிட்டச் சொன்னியோ இல்லையோ?”

“மிஸ்ஸி என்னட்டக் கேக்கேல்லை அம்மா.”

“இப்பவும் பொய்! அந்த மனிசி உன்னைத் தன்ர பிள்ளை மாதிரிப் பார்த்தவ. அவ சும்மா எழுதுவாவோ?”

“கேக்கேல்லை அம்மா” என்றாள் நிருஷா மறுபடியும். மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை.

திரையை விலக்க நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையைக் கீழே போட்டேன். யாரும் காணாமல் வார்டைவிட்டு வெளியே வந்து, கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கேட்காமல் எழுதியது சோம்பல். டொக்டருக்குச் சொன்ன பொய் பயம். ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பியதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆட்கள் வரமுன் டொக்டரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஐந்து மாதமும் கேட்கவில்லை, முந்தின மாதத்தைப் பார்த்து எழுதினேன் என்று. அந்த மழை நாளில் அவள் டொக்டரைப் பார்க்கக் கேட்டதையும், நான் அனுப்பிவிட்டதையும் சொன்னேன். என்னைப் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “நிறை எழுபதுக்குக் கீழ போனபிறகும் ஏன் என்னட்ட வரேல்லை எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை. அது என்ர பிழை” என்றார். “ஆனால் அந்தத் தாய்க்கு இதை நான் சொல்ல ஏலாது மிஸ்ஸி. நீங்கள்தான் சொல்லவேணும். இண்டைக்கே.”

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தாயைக் கண்டு சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஏசவேண்டும், கத்தவேண்டும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். யாருக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“நேற்று நான் அவளுக்கு அடிச்சுப்போட்டன் மிஸ்ஸி. சேலைன் ஏத்தின கை.”

அதற்குப் பிறகு வார்டுக்குள் போய்விட்டார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

நிருஷா ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய ஓமோன் பரிசோதனை வந்தபோது டொக்டர் அதை என்னிடம் நீட்டினார். வளர்ந்த ஒரு பெண்ணின் அளவுகள் இல்லை அவை. பெரியபிள்ளையாகாத ஒரு சின்னப் பிள்ளையின் அளவுகள். உடம்பு அவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டிருந்தது. எண்பத்தொரு கிலோவில் குழம்பியிருந்த சூலகம் நாற்பத்தொன்பதில் வேலையையே நிறுத்திவிட்டது. எலும்பும் மெலிந்திருந்தது. மனநல டொக்டர், உணவு ஆலோசகர் என்று மாதக்கணக்கில் அலைந்தார்கள். அந்த வருடம் அவளால் ஏ.எல். பரீட்சை எழுத முடியவில்லை.

டொக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. தராசு மறுபடி அவர் அறைக்குள் போனது. ஸ்கேன் மெஷினைச் சுவரோடு ஒதுக்கி இடம் எடுத்தார்கள். மாதவிடாய்க் கட்டத்தை மட்டும் அன்றிலிருந்து அவரே நிரப்பினார். நாற்பது பேர் வந்தாலும் நாற்பது பேரிடமும் கலண்டரைத் திருப்பி வைத்துத் தானே கேட்டார். “இதை நான் பார்க்கிறன் மிஸ்ஸி” என்று ஒரே ஒருமுறைதான் சொன்னார். சனிக்கிழமைகளில் கிளினிக் முடிய ஒரு மணித்தியாலம் பிந்தியது. அந்த ஒரு மணித்தியாலமும் அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பதே எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. ஒருநாள் மத்தியானம் அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என் மேசைக்கு நடந்து வந்தார். அவர் அப்படி வருவது வழக்கமில்லை. “நிருஷாவுக்கு வந்திட்டுதாம்” என்றார். அவ்வளவுதான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அதன் பின் ஏழு வருடம் அவளைக் காணவில்லை. காலி வீதியில் தாயை இரண்டு தடவை தூரத்தில் கண்டேன். இரண்டு தடவையும் நான் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிட்டேன்.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நிருஷா கிளினிக்குக்கு வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். ஏ.எல். மறுபடி எழுதி, கணக்கியல் படித்து, ஒரு கம்பனியில் வேலை செய்கிறாளாம். கலியாணம் பேசி முடிந்திருந்தது. பிள்ளை பெறுவதில் பிரச்சினை வருமா என்று டொக்டரிடம் கேட்க வந்திருந்தாள். மெலிவும் இல்லை, பருமனும் இல்லை. அவளுடைய நிறை எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்ட என் கண்ணை நான் வெறுத்தேன்.

டொக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவள், என் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில் தானாக உட்கார்ந்தாள்.

“எல்லாம் நல்லா இருக்காம் மிஸ்ஸி. பயப்பிடத் தேவையில்லையாம்.”

“கர்த்தருக்குத் தோத்திரம்” என்றேன். பிறகு, ஏழு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். “மகள், நான் உங்கள்ட்டக் கேக்காம எழுதினன். கேட்டதெண்டு பொய்யும் சொன்னன். உங்களுக்கு அடி வாங்கித் தந்தது நான். மன்னிப்புக் கேக்கிற தைரியம் இவ்வளவு நாளா வரல்ல.”

அவள் தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் கேட்டிருந்தாலும் அந்த நேரம் நான் பொய்தான் சொல்லியிருப்பன் மிஸ்ஸி. கடைசி நாள் மட்டும்தான் உண்மை சொல்ல நினைச்சனான். நெஞ்சு ஒரு மாதிரி அடிச்சது, பயமா இருந்தது.” வாரைக் கையிலிருந்து விட்டாள். “அதை நான் எப்பவோ விட்டிட்டன். வேற ஒண்டு சொல்லட்டா? கோவிக்க மாட்டீங்கள்தானே?”

“சொல்லுங்க.”

“ஒருநாள் நான் தராசில நிக்கேக்க, என்ர நாடியைப் பிடிச்சுத் தூக்கி, ‘எவ்வளவு வடிவான முகம், இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க’ எண்டு கேட்டீங்கள். ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சொல்லியிருப்பேன்.

“என்னை வடிவு எண்டு அதுக்கு முதல் ஒருத்தரும் சொன்னதில்லை மிஸ்ஸி. அம்மாவும் சொன்னதில்லை. ஒவ்வொரு மாசமும் நான் அதைத் திருப்பிக் கேக்கத்தான் வந்தனான். அதாலதான் எனக்கு நிப்பாட்ட ஏலாமப் போனது.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். எழுந்து, என் கையை ஒருமுறை அழுத்தினாள். அவள் கை சூடாக இருந்தது. கலியாணத்துக்குக் கார்ட் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் செய்த பிழை எது என்று எனக்குத் தெரியும் என்றே அந்த ஏழு வருடமும் நினைத்திருந்தேன். அந்தக் கிளினிக்கில் நான் செய்த நல்லவை எவை என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பிள்ளைகளோடு அன்பாகக் கதைத்தது அதில் முதலாவதாக இருந்தது.

மிச்சமிருந்த ஒரு மாதமும் எந்தப் பிள்ளையின் நாடியையும் நான் பிடித்துத் தூக்கவில்லை. வடிவு என்ற சொல்லை யாருக்கும் சொல்லவில்லை. கடைசிச் சனிக்கிழமை மட்டக்குளியிலிருந்து ஒரு தாய் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல பருமன். முகம் முழுக்கப் பரு. பிள்ளை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல், துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்பாக ஏதாவது சொல்லவேண்டும் என்று என் வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு அது தேவையாகவும் இருந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய பெயரைக் கேட்டு எழுதி, டொக்டரின் அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.